அரியலூர் அம்மோனைட்டிடம் மை இருந்ததா? இன்றைய உயிர்களை வைத்துப் பழைய உலகைக் கணிக்கும் முறை

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று படத்தோடு செய்தி பரவியது. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற கடலுயிரியின் எச்சங்களைச் சுற்றி வண்டல் இறுகி உருவான கல்லுருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். செய்தி அத்தோடு அடங்கிவிட்டது.

முட்டையா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? இன்றைய முட்டையை வைத்துத்தான். கோழி முட்டையோ முதலை முட்டையோ, ஓடு சுண்ணாம்புப் படிகங்களால் ஆனது. உள்ளிருக்கும் குஞ்சு மூச்சுவிட ஓட்டில் நுண்துளைகள் உண்டு. டைனோசர் முட்டை ஓடுகளிலும் இந்தப் படிக அமைப்பும் துளைகளும் நுண்ணோக்கியில் தெரியும். வண்டல் இறுகிய உருண்டையில் ஓடும் இருக்காது, துளையும் இருக்காது.

"டி. ரெக்ஸுக்கு உதடு இருந்தது", "ஆர்க்டிக்கில் முதலையினம் வாழ்ந்தது", "அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 400 நாள்" போன்ற தலைப்புகளுக்குப் பின்னாலும் இதே வேலைதான் இருக்கிறது. இன்று உயிரோடிருக்கும் ஒன்றை அளந்து, அந்த அளவைக் கல்லில் இருப்பதன்மேல் பொருத்திப் பார்ப்பது. யார் போய்ப் பார்த்தது என்று வாசகர் கேட்பது நியாயம். இந்த முறை எங்கே தேறுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று பார்க்கலாம்.

1. கல்லில் மிஞ்சுவது கொஞ்சம்

ஓர் உயிரின் உடலோ அதன் தடமோ வண்டலில் புதைந்து, காலப்போக்கில் பாறையோடு பாறையாக நின்றுவிடுவதே புதைபடிவம். பெரும்பாலும் ஓடு, எலும்பு, பல், மரம், மகரந்தம் போன்ற கெட்டியான பகுதிகள்தான் தப்பும். தசை, தோல், குரல், உடல் வெப்பம், குட்டியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் இவையெல்லாம் அரிதாகவே தடம் விடும், அல்லது விடவே விடாது. அந்த இடைவெளியை நிரப்பக் கையில் இருப்பவை இன்றைய உயிர்கள் மட்டுமே.

இன்று நடக்கும் இயற்கைச் செயல்களைக் கொண்டே பழையவற்றை விளக்க வேண்டும் என்ற கொள்கையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஹட்டனும், 1830களின் தொடக்கத்தில் சார்லஸ் லயலும் முன்வைத்தார்கள். அதை உயிரினங்களுக்கு முறையாகக் கொண்டுவந்தவர்களில் ருடால்ஃப் ரிக்டர் முக்கியமானவர். 1928இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் இதற்கென்றே ஒரு கடலோர ஆய்வு நிலையம் தொடங்கினார். புழு சேற்றில் எப்படி வளை தோண்டுகிறது, செத்த நண்டு எப்படிச் சிதைந்து புதைகிறது என்று வடகடலின் சேற்றுத் திட்டுகளில் கவனிப்பதுதான் அங்கே ஆராய்ச்சி. புதைபடிவத்தைப் படிக்க ஆசைப்பட்டவர்கள் உயிருள்ள சேற்றில் போய் உட்கார்ந்தார்கள்.

இன்றையதிலிருந்து அன்றையதற்குத் தாவ மூன்று விதமான வாதங்கள் உண்டு. தலைப்புச் செய்திகளில் இவை மூன்றும் கலந்தே வருவதால் முதலில் பிரித்துக்கொள்வது நல்லது.

1. சாயல்: இது அதைப் போல இருக்கிறது, ஆகவே அதைப் போலவே வாழ்ந்திருக்கும்.
2. உறவு: இதன் நெருங்கிய உறவினர்கள் எல்லோரிடமும் ஒரு பண்பு இருக்கிறது, ஆகவே இதனிடமும் இருந்திருக்கும்.
3. காரணம்: இந்த அமைப்பு இந்தக் காரணத்தால்தான் உருவாகும் என்று இன்றைய உயிரில் சோதித்துவிட்டோம், ஆகவே அன்றும் அதே காரணம்தான்.

முதலாவது பலவீனமானது, ஆனால் கண்ணுக்குப் பிடித்தது. மூன்றாவதுதான் பாரம் தாங்கும். ஒரு முடிவு எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. நாட்டிலஸை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகள் வரை இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருச்சிப் பகுதிகளில் கடல் பலமுறை ஏறி இறங்கியது. காரை கிராமத்துக் களிமண் மேடுகளிலும், சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லிலும் கடலுயிர்களின் ஓடுகள் கிடப்பது அதனால்தான். பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா 1860களில் இவற்றை விரிவாக விவரித்ததிலிருந்து உலகம் முழுக்க உள்ள தொல்லுயிரியலாளர்களுக்கு இந்த இடம் பழக்கம். இங்கே பேர்போனவை சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள்.

அம்மோனைட் இனம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தது. அதைப் போன்ற சுருள் ஓட்டோடு இன்று மிஞ்சியிருப்பது இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பப் பகுதிகளில் வாழும் நாட்டிலஸ். இரண்டின் ஓட்டையும் அறுத்துப் பார்த்தால் உள்ளே தடுப்புகளால் பிரிந்த அறைகள் தெரியும். உயிரி கடைசி அறையில் குடியிருக்கும். எல்லா அறைகளையும் இணைத்து ஒரு மெல்லிய குழாய் ஓடும். இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் நெடுங்காலம் அம்மோனைட்டை நாட்டிலஸின் பழைய பதிப்பாகவே வரைந்தார்கள்.

இதில் எது நிற்கும், எது விழும்?

மிதக்கும் முறை நிற்கும். நாட்டிலஸ் ஒரு புதிய அறையைக் கட்டும்போது அது முதலில் நீரால் நிரம்பியிருக்கும். எரிக் டென்டனும் ஜான் கில்பின்-பிரவுனும் 1966இல் காட்டியது இது: அந்தக் குழாயின் திசு, நீரிலிருந்து உப்பை இழுத்து, சவ்வூடு பரவல் மூலம் நீரையும் வெளியே கொண்டுவருகிறது. வாயு அதன்பின் மெதுவாக உள்ளே கசிகிறது. அறைக்குள் வாயுவின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்துக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். அப்படியென்றால் ஆழ்கடலின் அழுத்தம் முழுவதையும் ஓடே தாங்க வேண்டும். ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்தில் நாட்டிலஸ் ஓடு நொறுங்கிவிடும். அறையும் குழாயும் அம்மோனைட்டிலும் இருப்பதால் இதே இயற்பியல் அதையும் கட்டிப்போடும். ஓட்டின் தடிப்பையும் குழாயின் வலிமையையும் அளந்து, ஒவ்வொரு அம்மோனைட்டும் எந்த ஆழத்துக்குக் கீழே போயிருக்க முடியாது என்று ஓர் எல்லை போடலாம். எங்கே வாழ்ந்தது என்று இது சொல்லாது. எங்கே வாழ்ந்திருக்க முடியாது என்பதைச் சொல்லும். என் பார்வையில் இப்படிப்பட்ட எதிர்மறை முடிவுகள்தான் இந்தத் துறையின் நம்பகமான சரக்கு.

வாழ்க்கை முறை விழும். நாட்டிலஸ் முட்டை சில சென்டிமீட்டர் நீளம். பொரிய ஓராண்டு அளவுக்கு ஆகும். வெளிவரும் குஞ்சின் ஓடே இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். பருவம் எட்டப் பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும். அம்மோனைட் ஓட்டின் நடுப்புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் பொரிந்த குஞ்சின் அளவு தெரிந்துவிடும்: சுமார் ஒரு மில்லிமீட்டர். சில குஞ்சுகளைப் பெரிதாகப் பெற்று மெதுவாக வளர்ப்பது ஒரு வாழ்க்கை, பொடிப்பொடியாக ஏராளமாகப் பெற்று மிதவை உயிர்களோடு விட்டுவிடுவது வேறு வாழ்க்கை. விண்கல் மோதி கடலின் மேற்பரப்பு மிதவை உயிர்கள் குலைந்தபோது அம்மோனைட்டுகள் அழிந்து நாட்டிலஸ் வழி தப்பியதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணமாக முன்வைக்கப்படுகிறது.

உறவுமுறையும் சாயலைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நாட்டிலஸின் மூதாதை வழி 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது. ஓடே வெளியே தெரியாத ஊசிக்கணவாயும் ஆக்டோபஸும்தான் அம்மோனைட்டுக்கு நெருங்கிய சொந்தம். 2011இல் இசபெல் குருட்டா குழு பாக்குலைட்டஸ் என்ற நேர் ஓட்டு அம்மோனைட்டின் வாய்ப்பகுதியைச் சக்திவாய்ந்த எக்ஸ்-கதிரில் ஆராய்ந்தபோது, அரம் போன்ற நாக்கின் பல்லமைப்பு கணவாயினத்தைப் போல இருந்தது. வாய்க்குள் மிதவை உயிர்களின் துணுக்குகளும் சிக்கியிருந்தன. செத்ததைத் தேடித் தின்னும் நாட்டிலஸின் சாப்பாட்டு முறை அந்த வாய்க்குப் பொருந்தவில்லை.

3. இருபுறமும் உறவினர்

அப்படியானால் அம்மோனைட்டின் மெல்லுடலைப் பற்றி என்னதான் சொல்ல முடியும்? இதற்கு லாரன்ஸ் விட்மர் 1995இல் ஒழுங்காக வகுத்துக் கொடுத்த முறை உண்டு. அழிந்த உயிரை உறவுமரத்தில் வைத்து, அதற்கு இருபுறமும் உயிரோடிருக்கும் உறவினர்களைப் பாருங்கள். இருவரிடமும் ஒரு பண்பு இருந்தால் நடுவில் இருப்பதற்கும் அது இருந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். ஒருவரிடம் மட்டும் இருந்தால் முறை மௌனம் காக்கும். இருவரிடமும் இல்லாவிட்டால், இருந்தது என்று சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

அம்மோனைட்டுக்கு ஒருபுறம் நாட்டிலஸ், மறுபுறம் கணவாயினம். பொருத்திப் பார்ப்போம்.

1. அலகு போன்ற தாடை: இருவரிடமும் உண்டு. அம்மோனைட்டிலும் புதைபடிவமாகவே கிடைத்திருக்கிறது. முறை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.
2. கைகள்: வளர்ந்த நாட்டிலஸுக்கு ஏறத்தாழ 90 உணர்கைகள். ஊசிக்கணவாய்க்குப் பத்து. ஒத்துவராதது போலத் தோன்றும். ஆனால் நாட்டிலஸ் கருவை ஆராய்ந்தால் தொடக்கத்தில் பத்து மொட்டுகள்தான். ஆகவே அம்மோனைட்டுக்கும் அடிப்படை பத்து கைகள் என்று எடுத்துக்கொள்வது நியாயம்.
3. கண்: நாட்டிலஸின் கண்ணில் வில்லை கிடையாது, ஊசித்துளைதான். கணவாய்க்கு வில்லை உண்டு. அம்மோனைட்டுக்கு? மௌனம்.
4. மை: கணவாயினத்துக்கு உண்டு, நாட்டிலஸுக்கு இல்லை. மீண்டும் மௌனம்.

தலைப்புக் கேள்விக்கு வந்துவிட்டோம். மை கல்லில் தங்காது, அதனால்தான் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் கிடைத்த ஜுராசிக் காலக் கணவாயினத்தின் மைப்பையிலிருந்த மெலனினை இன்றைய ஓட்டுக்கணவாயின் மையோடு ஒப்பிட்டது. 16 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் வேதியியல் அப்படியே ஒத்துப்போனது. கணவாயின எச்சங்களில் மைப்பை இவ்வளவு நன்றாகத் தங்கும்போது, எத்தனையோ அம்மோனைட்டுகள் தோண்டப்பட்டும் நம்பத்தக்க மைப்பை கிடைக்காததற்கு எடை உண்டு. இல்லை என்ற பக்கமே நான் சாய்வேன். ஆனால் அந்தச் சாய்வைக் கொடுத்தது புதைபடிவம், உறவு முறை அல்ல.

4. டி. ரெக்ஸ் உதடு

டைனோசருக்கு இருபுறமும் நிற்பவை முதலையும் பறவையும். இரண்டுக்கும் நான்கு அறை இதயம், இரண்டும் முட்டையிடும், குஞ்சுகளைக் காக்கும். டைனோசர்களுக்கும் இவை இருந்தன என்று சொல்வதில் பெரிய சண்டை இல்லை.

உதட்டில்தான் சிக்கல். முதலைக்கு உதடு இல்லை, பற்கள் வெளியே தெரியும். பறவைக்கு அலகு. முறை கைவிரித்துவிட்டது. அதனால் 2023இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காரணத்துக்குப் போனது. உதடு மூடியிருந்தால் பல் ஈரமாக இருக்கும், எனாமல் காய்ந்து தேயாது. வெளியே தெரியும் அலிகேட்டர் பல்லில் வெளிப்பக்க எனாமல் அதிகம் தேய்ந்திருக்கிறது. டி. ரெக்ஸின் உறவான டாஸ்பிளெட்டோசாரஸின் பல்லில் அப்படித் தேய்வு காணவில்லை. உதட்டுக்குள் பல்லை மறைக்கும் உடும்பினத்தோடு தலை, பல் அளவுகளும் ஒத்துப்போயின. எல்லோரும் ஏற்கவில்லை. முக எலும்பின் மேற்பரப்பு முதலையுடையதைப் போலச் சொரசொரப்பாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஆக, தலைப்பில் "இருந்தது" என்று போட்டதை "இருந்திருக்க வாய்ப்பு அதிகம்" என்று படித்துக்கொள்ளலாம்.

5. வண்டு சொன்னது, மரம் சொல்லாதது

உடலிலிருந்து சூழலுக்கு வருவோம். குளத்தின் அடி வண்டலில் மகரந்தம் அடுக்கடுக்காகப் படிகிறது. எந்த அடுக்கில் எந்த மரத்தின் மகரந்தம் என்று எண்ணினால் அந்தந்தக் காலத்துக் காடு தெரியும். அந்தக் காடு இன்று எந்தத் தட்பவெப்பத்தில் வளர்கிறது என்று பார்த்தால் பழைய தட்பவெப்பம் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பனியுகக் கால ஆய்வு இப்படித்தான் நடந்தது.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் கூப் மகரந்தத்தை விட்டு வண்டுகளை எடுத்துக்கொண்டார். வண்டின் இறக்கை மூடியும் தலையும் வண்டலில் நன்றாகத் தங்கும். பனியுகக் கால வண்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே இன்றும் உயிரோடிருக்கும் அதே இனங்கள் என்று அவர் கண்டார். நெருங்கிய உறவு என்று இழுக்க வேண்டியதில்லை, ஆளே அதே ஆள். ஒவ்வோர் இனமும் இன்று எந்தக் கோடை, எந்தக் குளிர்காலத்தில் வாழ்கிறது என்று குறித்து, ஓர் அடுக்கில் கிடைத்த எல்லா இனங்களுக்கும் பொதுவாக ஒத்துவரும் வெப்பநிலையை எடுத்தால் அந்தக் காலத்து வெப்பம் வந்துவிடும். 1987இல் டிம் அட்கின்சன், கீத் பிரிஃபா ஆகியோரோடு சேர்ந்து இதைப் பிரிட்டனுக்குச் செய்து காட்டினார்.

முடிவு மகரந்தத்தோடு மோதியது. சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் குளிர்ப்பகுதி வண்டுகள் மிகக் குறுகிய காலத்தில் மறைந்து, மிதவெப்ப வண்டுகள் வந்துவிட்டன. அதே அடுக்கில் மகரந்தம் மரமே இல்லாத புல்வெளியைக் காட்டியது. அப்புறம் மரங்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, வண்டுக் கணக்குப்படி வெப்பம் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருந்தது. யார் சொல்வது சரி? வண்டு பறந்து வரும். மரம் விதை விழுந்து, முளைத்து, மண் பக்குவப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத்தான் நகரும். மரம் இல்லாதது குளிரால் அல்ல, இன்னும் வந்து சேராததால். பின்னாளில் கிரீன்லாந்துப் பனி மாதிரிகளும் அந்தச் சமயத்தில் திடீர் வெப்ப உயர்வையே காட்டின.

வண்டும் தவறாமல் உண்மை சொல்லும் என்றில்லை. இங்கிலாந்தின் பனியுகப் படிவுகளில் கூப் கண்டெடுத்த ஒரு சாண வண்டு இனம் இன்று திபெத் பீடபூமியில் மட்டும் வாழ்கிறது. அதை மட்டும் வைத்துக் கணித்தால் இங்கிலாந்தைப் பல ஆயிரம் மீட்டர் தூக்கிவிட வேண்டியிருக்கும். ஓர் உயிர் இன்று வாழும் இடம் அது வாழக்கூடிய இடங்களில் ஒரு பகுதி மட்டுமே. ஓரினத்தை நம்பாமல் பல இனங்களின் பொதுவெளியை எடுப்பது இதனால்தான்.

6. அடைக்கலம் புகுந்தவை

சில உயிர்கள் இன்று வாழும் இடம், அவை விரும்பிய இடமே அல்ல. துரத்தப்பட்டு ஒதுங்கிய இடம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே வளைகுடாவில் ஹாமலின் பூல் என்ற ஆழமற்ற நீர்ப்பகுதி இருக்கிறது. உப்பு சாதாரணக் கடலைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அங்கே நுண்ணுயிர்ப் படலங்கள் மணலைப் பிடித்து அடுக்கடுக்காகக் கட்டும் மேடுகள் உயிரோடு வளர்கின்றன. இவற்றை ஸ்ட்ரோமட்டோலைட் என்பார்கள். அதே ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் சுமார் 348 கோடி ஆண்டுப் பாறையிலும் இத்தகைய அடுக்குகள் உள்ளன. சாயலை மட்டும் நம்பினால் என்ன முடிவு வரும்? பழைய ஸ்ட்ரோமட்டோலைட் எங்கே கிடைத்தாலும் அங்கே கடும் உப்பு நீர் இருந்தது என்று.

அது தவறு. உப்பு அந்தப் படலங்களுக்குத் தேவையில்லை. அவற்றை மேயும் நத்தை முதலியவற்றுக்கு அந்த உப்பு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். மேய்ச்சல் விலங்குகளே தோன்றாத காலத்தில் இவை சாதாரணக் கடல் முழுக்க வளர்ந்திருக்கலாம். இதற்கு உயிருள்ள சாட்சியும் கிடைத்தது. 1980களில் பஹாமாஸின் எக்ஸுமா தீவுகள் அருகே, சாதாரண உப்புள்ள கடலிலேயே வளரும் ஸ்ட்ரோமட்டோலைட்டுகளைக் கண்டார்கள். அங்கே உப்பின் வேலையை வேகமான நீரோட்டமும் ஓயாமல் நகரும் மணலும் செய்கின்றன. பொதுவான காரணம் மேய்ச்சல் இல்லாமை.

கடல் அல்லியும் இதே கதை. பெயர்தான் அல்லி, நட்சத்திர மீனின் உறவான விலங்கு. காம்புள்ள கடல் அல்லிகள் இன்று ஆழ்கடலில்தான் இருக்கின்றன. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடல்களில் காடாக மண்டிக் கிடந்தன. ஓடுடைக்கும் நண்டும் எலும்பு மீனும் கடல் முள்ளெலியும் பெருகியபோது, நகர முடியாதவை ஆழத்துக்கு ஒதுங்கின. இந்த வேட்டைப் பெருக்கத்தின் தாக்கத்தை 1977இல் கீரட் வெர்மே விரிவாக எடுத்துரைத்தார்.

7. செத்த பிறகு நடப்பது

உயிரோடிருந்தபோது நடந்ததற்கும் கல்லில் கிடைப்பதற்கும் நடுவே சாவு இருக்கிறது. நாட்டிலஸ் செத்ததும் ஓடு மிதந்து நீரோட்டத்தில் வெகுதூரம் போகும், அது வாழாத கரைகளிலும் ஒதுங்கும். அம்மோனைட் கிடைத்த இடமெல்லாம் அது வாழ்ந்த இடம் என்று சொல்லத் தயங்குவது இதனால்.

மனித மூதாதையர் ஆய்வில் இதைவிடக் கூர்மையான பாடம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் மகாபன்ஸ்காட் குகையில் சில எலும்புகள் மிகுதியாகவும் சில மிகக் குறைவாகவும் கிடைத்தன. ஆதிமனிதர் வேண்டிய எலும்பை மட்டும் ஆயுதமாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள் என்று ரேமண்ட் டார்ட் 1957இல் வாதிட்டார். சி. கே. பிரெய்ன் 1960களில் நமீபியாவின் குயிசெப் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குப் போய், அங்கே மக்கள் தின்று நாய்கள் கடித்துப் போட்ட ஆட்டெலும்புகளைப் பொறுக்கி எண்ணினார். மேல் முன்னங்காலெலும்பின் கீழ்முனை நிறைய, மேல்முனை இல்லவே இல்லை என்ற அளவு. மேல்முனை மென்மையானது, நாய்க்கு எளிது. குகையிலும் அதே விகிதம். யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, பல்லுக்குத் தப்பியது மிஞ்சியது. ஆட்டுக்கும் அந்தக் குகை விலங்குகளுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. எலும்பின் அடர்த்தி என்ற காரணம் இரண்டுக்கும் பொது.

8. வளர்த்துப் பார்த்து அளப்பது

வெப்பநிலைக் கணக்குகள் பெரும்பாலும் வேதியியலில் நிற்பவை. ஆக்சிஜனில் எடை வேறுபட்ட ஐசோடோப்புகள் உண்டு. சுண்ணாம்பு ஓடு உருவாகும்போது கனமானது எவ்வளவு சேரும் என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 1947இல் ஹரால்ட் யூரே இந்தக் கருத்தை வைத்தார். அவரது குழு, வெப்பம் தெரிந்த நீரில் வளர்ந்த சிப்பியின ஓடுகளை அளந்து அளவுகோல் தயாரித்தது. 1951இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பெலம்னைட் ஒன்றின் வளர்ச்சி வளையங்களை உள்ளிருந்து வெளியே அளந்தபோது கோடையும் குளிர்காலமும் மாறி மாறி வந்தன. சராசரி 17.6 டிகிரி செல்சியஸ். ஜுராசிக் காலக் கணவாயுறவு ஒன்றின் வாழ்நாளில் கடந்த பருவங்களை எண்ண முடிந்தது. பெலம்னைட்டுகள் நம் காரைக் களிமண்ணிலும் உண்டு.

ஆண்டுக்கு 400 நாள் என்பதும் இதே வகை. பவளம் பகலிரவுச் சுழற்சிக்கேற்ப நுண்ணிய வரியொன்றைப் போடுகிறது. ஜான் வெல்ஸ் 1963இல் இன்றைய பவளத்தில் ஓராண்டுக்குச் சுமார் 360 வரிகளும், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலப் பவளத்தில் 385 முதல் 410 வரையும் எண்ணினார். நிலவால் எழும் கடல் ஓதங்களின் இழுவையால் பூமியின் சுழற்சி மெதுவாகிறது என்று வானியலாளர்கள் வேறு வழியில் போட்ட கணக்கோடு இது பொருந்தியது. சம்பந்தமில்லாத இரண்டு வழிகள் ஒரே விடைக்கு வருவதுபோல் வலுவானது வேறில்லை.

அளவுகோலை அது தயாரான எல்லைக்கு வெளியே இழுத்தால் வலு குறையும். கொலம்பியாவின் செரஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த டைட்டனோபோவா பாம்பு இதற்கு உதாரணம். சுமார் 13 மீட்டர் நீளம். இவ்வளவு பெரிய குளிர்ரத்த உயிர் வாழ ஆண்டுச் சராசரி 30 முதல் 34 டிகிரி வேண்டும் என்று 2009இல் கணித்தார்கள். இன்றைய பெரும் பாம்புகளில் எடுத்த விதியை, அவற்றையெல்லாம் விடப் பெரிய ஒன்றுக்கு நீட்டினார்கள். மறுப்புகள் உடனே வந்தன. பாம்பின் அளவில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த டிகிரிக் கணக்கை மட்டும் தனியாக எடுத்து மேற்கோள் காட்ட மாட்டேன்.

9. செய்தியைப் படிக்கும்போது

1. ஒப்பிட்டது அதே இனமா, உறவினமா, சாயல் மட்டுமா?
2. ஒப்பிடும் உயிர் இன்று தானாக அங்கே வாழ்கிறதா, ஒதுங்கி வாழ்கிறதா?
3. காரணம் சோதனையில் காட்டப்பட்டதா?
4. சம்பந்தமில்லாத வேறொரு சான்று அதே விடையைத் தருகிறதா?

நான்காவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் மற்றவற்றில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

10. ஆர்க்டிக்கில் பனை

இதெல்லாம் கல் பொறுக்குபவர்களின் சண்டை என்று ஒதுக்க முடியாது. எதிர்காலத்துக்குச் சொல்லப்படும் வெப்பக் கணிப்புகள் கணினி மாதிரிகளிலிருந்து வருகின்றன. கரியமில வாயு இன்றைவிட மிக அதிகமாக இருந்த காலத்தை அந்த மாதிரிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கப் பழங்காலம்தான் இருக்கிறது. 5 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முந்தைய இயோசீன் காலம் அதற்கு முக்கியமான தேர்வுக்களம்.

கனடாவின் வட கோடியில் எல்ஸ்மியர் தீவில் 1970களில் மேரி டாசன் குழு அலிகேட்டர் இன எலும்புகளைக் கண்டெடுத்தது. ஆர்க்டிக் கடலடி வண்டலில் பனைக் குடும்ப மகரந்தம் கிடைத்ததாக 2009இல் வெளியிட்டார்கள். பனையினத்துக்கு உச்சியில் ஒரே குருத்து. அது உறைந்தால் மரம் போய்விடும், பக்கத்தில் வேறு மொட்டு கிடையாது. இன்றைய பனையினங்கள் வாழும் எல்லையை வைத்து, அங்கே மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியே 8 டிகிரிக்கு மேல் இருந்தது என்று கணித்தார்கள். மாதக்கணக்கில் சூரியனே வராத இடத்தில். பழைய மாதிரிகள் பலவற்றில் அந்தக் குளிர்காலம் உறைநிலைக்குக் கீழேதான் வந்தது.

இன்றைய பனை இன்றைய காற்றில் வளர்கிறதே, அன்று கரியமில வாயு அதிகமாயிற்றே என்ற கேள்வி சரியானது. 2002இல் டேனா ராயர் குழு ஜிங்கோ முதலிய தாவரங்களை அதிகக் கரியமில வாயுவில் வளர்த்தது. இலைகள் உறைபனியை இன்னும் எளிதாக வாங்கிக்கொண்டன. உறையும் வெப்பநிலை 1.5 முதல் 3 டிகிரி வரை மேலேறியது. அதாவது இன்றைய தாவரங்களை அப்படியே அளவுகோலாக வைத்தால் அந்த ஆர்க்டிக் குளிர்காலத்தைக் குறைத்தே மதிப்பிடுவோம். திருத்தம் மாதிரிகளுக்குச் சாதகமாக வரவில்லை, இடைவெளியைக் கூட்டியது.

மேகங்களைக் கையாளும் விதத்தைத் திருத்திய ஒரு மாதிரி 2019இல் இயோசீன் வெப்பத்துக்கு நெருங்கி வந்தது. அதே குடும்பத்தின் அடுத்த பதிப்பான சி.இ.எஸ்.எம்.2 எதிர்ப்பக்கம் தாண்டிவிட்டது. 2020இல் அதை இயோசீனுக்கு ஓட்டிப் பார்த்தபோது வெப்பமண்டல நிலப்பகுதிகளில் 55 டிகிரிக்கு மேல் காட்டியது. அவ்வளவு வெப்பத்தில் இன்றைய தாவரங்களின் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். ஆனால் தென்னமெரிக்காவின் அந்தக் காலத்துப் படிவுகளில் இருப்பது செழித்த மழைக்காட்டின் எச்சங்கள். இந்த முரண்பாட்டைக் காட்டித்தான், வருங்கால வெப்பநிலையை அந்தப் பதிப்பு மிகைப்படுத்துகிறது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.